எழுத்துக் கூட்டும் காலம்

எழுதத் தொடங்குவதற்கு நாள் குறித்து வைத்திருக்கிறோம். விஜயதசமியன்று பூந்தோட்டம் பக்கத்தில் இருக்கும் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போனால் தெரியும். தாம்பாளத்தில் நெல்லோ அரிசியோ பரப்பி, மடியில் உட்காரவைத்த பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைக்கும் அப்பாக்களும் தாத்தாக்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை பாதி நேரம் அழும், மீதி நேரம் அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும். அத்தனையையும் படம் பிடித்துக்கொள்வோம்.

வாசிக்கத் தொடங்குவதற்கு அப்படி ஒரு நாள் கிடையாது. கடைத்தெருவிலோ, பேருந்து நிலையத்திலோ, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலோ, நாம் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கும்போது அது நடந்துவிடும். பக்கத்தில் இருந்து பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும்.

என் மகள் விஷயத்தில் அது தஞ்சாவூர் புதுப் பேருந்து நிலையத்தில் நடந்தது. அவளுக்கு அப்போது ஐந்தரை வயது. பட்டுக்கோட்டை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் வேறொரு வண்டி வந்து நின்றது. அதன் நெற்றிப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று விரலை நீட்டினாள். "கு... ம்... ப... கோ... ண... ம்." 'ப'வை 'பல்' என்கிற சொல்லில் வருவதுபோல அழுத்திச் சொன்னாள். அப்படி ஓர் ஊர் அவள் கேள்விப்பட்டதில்லை. முகத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கூட்டினாள், கொஞ்சம் வேகமாக. மூன்றாவது தடவை 'ப' தானாகக் குழைந்தது. "கும்பகோணம்! அப்பா, அம்மாச்சி ஊரு!"

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் வண்டி வந்தது, போயும் விட்டது. அந்தப் பேருந்தின் பக்கவாட்டுப் பலகையில் இருந்த அய்யம்பேட்டையையும் பாபநாசத்தையும் கூட்டி முடிக்கும்வரை அவள் நகர மறுத்துவிட்டாள்.

அந்தப் பத்து நொடிக்குள் பிள்ளையின் தலைக்குள் நடந்ததைப் புரிந்துகொண்டால் இந்த அத்தியாயத்தின் பாதி வேலை முடிந்தது. வடிவத்தைப் பார்த்து ஒலியை எடுக்க வேண்டும். ஆறாவது எழுத்துக்குப் போய்ச் சேரும்வரை முதல் எழுத்தின் ஒலி மறக்காமல் இருக்க வேண்டும். பிறகு அந்த ஒலிகளை ஒட்டி, ஏற்கெனவே காதில் விழுந்து பழகிய ஒரு சொல்லோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கடைசிப் படி நடந்தபோதுதான் 'ப' குழைந்தது. பம்பரத்தில் வரும் முதல் 'ப'வும் இரண்டாவது 'ப'வும் ஒரே ஒலி இல்லை என்று எந்த டீச்சரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவள் வாய்க்கு அது முன்பே தெரியும். க, ச, ட, த எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆகவே பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தர விரும்புகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது நிறையப் பேசுவது. அம்மாச்சி ஊர் எது என்று பேசப்படாத வீட்டில் அந்தப் பலகை வெறும் ஆறு எழுத்துதான்.

'இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான்' என்று குறையாகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளை கடகடவென்று வாசிப்பதைக் கேட்டுவிட்டால் குறை இன்னும் கூடும். பிள்ளையின் மூளை வேலை செய்வதை நாம் காதால் கேட்க முடிகிற ஒரே காலம் இதுதான். அதன் பிறகு எல்லாம் மௌனமாக உள்ளே நடக்கும். சில பிள்ளைகளுக்கு இது சில மாதங்களில் முடிந்துவிடுகிறது, சிலருக்கு ஒன்றரை ஆண்டுகூட ஆகிறது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று நாம் ஏன் பறக்கிறோம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

247 என்ற பூச்சாண்டி

சுவரில் ஒட்டும் எழுத்து அட்டவணையைப் பார்த்துப் பெரியவர்களே மலைத்துவிடுகிறார்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆனால் பிள்ளை 247 படங்களையா மனப்பாடம் செய்ய வேண்டும்? 31 எழுத்துகளும், கால், கொம்பு, கொக்கி, புள்ளி போன்ற சில குறிகளும் தெரிந்தால் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். முரண்டு பிடிப்பவை உகர, ஊகார வரிசைகள்தான். கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். இந்த 36 வடிவங்களுக்கு நேரம் கொடுங்கள். கடைசியில் வரட்டும், கவலை இல்லை.

அட்டவணையை வரிசையாக ஒப்பிக்கவைப்பதால் ராகம் வரும், வாசிப்பு வராது. 'க ங ச' என்று பாடத் தெரிந்த பிள்ளையிடம் நடுவிலிருந்து ஓர் எழுத்தைக் காட்டிக் கேட்டுப்பாருங்கள். முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்துதான் அதைத் தொடும்.

என் வழி இது. ப, ட, ம என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை, எழுதவும் எளிது. புள்ளியை மட்டும் சேர்த்துக்கொடுங்கள். படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் உடனே கிடைக்கின்றன. ஒரு வாரம் கழித்துக் காலைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா, டப்பா. அதன்பின் 'அ' ஒன்று வந்தால் அம்மாவும் அப்பாவும் வந்துவிடுவார்கள். ஐந்தாறு வடிவங்களுக்குள் ஒரு குடும்பமே அடங்கிவிடுகிறது. டப்பா என்று எழுதிச் சமையலறை டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள். ஒட்டிய பிறகு 'இது என்ன, வாசி' என்று கேட்காதீர்கள். ஒரு நாள் பிள்ளையே தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் வாசிக்கும்.

பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் க. இடமிருந்து வலமாகப் போ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் தாண்டிப் போய்த் திரும்பி வா என்கிறோம். பிள்ளை குழம்புவதில் தப்பே இல்லை. நான் செய்தது இவ்வளவுதான்: கொம்பைப் பார்த்ததும் வாயைத் திறக்காமல் விரலால் மூடிக்கொண்டு அடுத்த எழுத்தைப் பார்க்கச் சொன்னேன். விளையாட்டாகவே பழகிவிட்டாள். காலும் ரகரமும் இன்னொரு தொல்லை. ரகரத்தின் அடியில் சாய்வாக ஒரு கீற்று இருப்பதைத் தொட்டுக் காட்டுங்கள், 'செருப்புப் போட்டிருந்தா ர, வெறுங்காலா இருந்தா கால்' என்று. மூன்று சுழி, இரண்டு சுழி சமாச்சாரமும், ல ள ழ வேறுபாடும் காதுக்குப் பழகப் பழகத்தான் சரியாகும். பெரியவர்களில் எத்தனை பேர் வாழைப்பழத்தை வாழைப்பழம் என்றே சொல்கிறோம்?

எகரமும் ஏகாரமும் மாறிப்போய் 'தெர்' என்று வாசித்துவிட்டு, பிறகு தானே 'தேர்' என்று திருத்திக்கொள்ளும் பிள்ளையைப் பாராட்டுங்கள். இந்தக் குறில் நெடிலுக்கு இப்போது நாம் எழுதும் வேறுபாடு வீரமாமுனிவர் (1680–1747) கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஓலைகளில் புள்ளியும் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள். ஏடு வாசித்த புலவர்கள் பொருளை வைத்துத்தான் இது தெரா தேரா என்று முடிவு செய்தார்கள். உங்கள் பிள்ளை அந்தப் புலவர்களின் வேலையைச் செய்கிறது.

புத்தகத் தமிழும் வாய்த் தமிழும்

'மரத்தில் ஒரு அணில் இருக்கிறது' என்று அச்சில் இருக்கும். பிள்ளை 'மரத்துல ஒரு அணில் இருக்கு' என்று வாசிக்கும். நம்மில் பலர் இந்த இடத்தில் புத்தகத்தைத் தட்டி, 'என்ன எழுதியிருக்கோ அதை வாசி' என்போம். தயவுசெய்து சொல்லாதீர்கள். பிள்ளை எழுத்தைப் பார்த்திருக்கிறது, பொருளை எடுத்திருக்கிறது, தன் மொழியில் சொல்லியிருக்கிறது. நாம் தெலுங்குப் படத்தைப் பார்த்துவிட்டுக் கதையைத் தமிழில் சொல்கிறோமே, அந்த மாதிரி. கிளிப்பிள்ளைபோல 'இருக்கிறது' என்று சரியாக உச்சரித்துவிட்டு, அணில் எங்கே இருந்தது என்று கேட்டால் விழிக்கும் பிள்ளையைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

உண்மையான பிழை வேறு. 'மரத்தில்' என்பதை 'மடத்தில்' என்று வாசித்துவிட்டு நிற்காமல் போனால், வாக்கியம் முடியட்டும். பிறகு ஆச்சரியத்தோடு கேளுங்கள்: "மடத்துலயா அணில் இருந்துச்சு?" பிள்ளையே சிரித்துக்கொண்டு திரும்பிப் போய்ப் பார்க்கும்.

நீளமான வினைச்சொற்களை மட்டும் நாமே உடைத்துக்கொடுக்கலாம். 'ஓடிக்கொண்டிருந்தார்கள்' என்று ஒரு மூச்சில் நிற்கும் சொல்லைப் பார்த்தால் ஆறு வயதுக்கு மலைப்பாகத்தான் இருக்கும். பென்சிலால் லேசாக ஒரு கோடு: ஓடி, கொண்டு, இருந்தார்கள். புத்தகம் அழுக்காகிறதே என்று பார்க்காதீர்கள்.

நான் செய்த தப்பு

மூத்த மகனிடம் நான் நடந்துகொண்டதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். அவன் வாசிக்கும்போது பென்சில் முனையை ஒவ்வோர் எழுத்தின் கீழும் அழுத்திக்கொண்டே போவேன். தப்பு வந்த அதே நொடியில் 'திரும்பப் பாரு' என்பேன். ஒரு பக்கம் முடிவதற்குள் இருபது தடவை திரும்பப் பார்த்திருப்பான். புத்தகத்தை எடுத்தாலே அவனுக்கு ஒண்ணுக்கு வர ஆரம்பித்தது. நான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து உறவினர் ஒருவர் வந்திருந்தார். "எங்க, பேப்பர எடுத்து வாசி பாப்போம்." தலைப்புச் செய்தியில் 'ஆலோசனை' என்ற சொல்லில் சிக்கிக்கொண்டான். ஆ, லோ என்று வந்துவிட்டான், அதற்கு மேல் போகவில்லை. அவன் காதில் விழும்படியே நான் சொன்னேன்: "நல்லாத்தான் வாசிப்பான், இன்னிக்கு என்னமோ..." அதன்பிறகு ஒரு வருடம் அவன் என் முன்னால் புத்தகம் திறக்கவில்லை. பிற்பாடு கிரிக்கெட் செய்திகளால் தானாகத் தேறிக்கொண்டான். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

ஆகையால் விருந்தாளி முன்னால் வாசிக்கச் சொல்லாதீர்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

எப்படிக் கேட்பது

பிள்ளை வாசிக்கும்போது நம் வேலை கேட்பதுதான். சொல்லும்போது சுலபம், செய்யும்போது நாக்கைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும். எதிரே உட்காராதீர்கள், அது பரீட்சைபோல் ஆகிவிடும். பக்கத்தில் உட்காருங்கள். புத்தகம் பிள்ளையின் கையில் இருக்கட்டும், பக்கத்தையும் அதுவே புரட்டட்டும். ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். அதற்குள் வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிடுங்கள், கதை நிற்கக் கூடாது. படத்தைப் பார்த்து ஊகித்தால் ஊகிக்கட்டும். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வாசிக்கச் சொல்லும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். நானே அப்படித்தான் இருந்தேன்.

அதே புத்தகத்தை நாற்பதாவது தடவை கொண்டுவந்தாலும் அலுத்துக்கொள்ளாதீர்கள். பாதி மனப்பாடத்தில் சொல்கிறாளே என்று தோன்றும். மனப்பாடமான சொல்லின்மேல் கண்ணை ஓட்டுவதும் பயிற்சிதான். இன்னொன்று, பிள்ளை வாசிக்க ஆரம்பித்துவிட்டதே என்று நாம் வாசித்துக்காட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. அது எழுத்துக்கூட்டி முடிக்கும் கதை நான்கு வரி. அது ரசிக்கக்கூடிய கதை நாற்பது பக்கம். இரண்டும் வேண்டும்.

எங்கள் வீட்டில் ஆகச் சிறந்த கேட்பவர் என் அம்மா. பிள்ளைகளுக்கு அப்பாயி. 1990களில் அறிவொளி வகுப்புக்குச் சில மாலைகள் போய், கையெழுத்துப் போடும் அளவுக்கு மட்டும் கற்றுக்கொண்டவர். அவருக்குத் திருத்தத் தெரியாது. கால் நீட்டி வெற்றிலை மடித்துக்கொண்டே "அப்புறம்?" என்பார். "நரி என்ன சொல்லுச்சாம்?" என்பார். அவருக்காக மகள் நிதானமாக, நிறுத்தி, குரல் மாற்றி வாசிப்பாள். பள்ளியில் யாரும் அவளிடம் கேட்காத ஏற்ற இறக்கமெல்லாம் அங்கே வந்தது. உங்கள் வீட்டில் எழுத்து தெரியாத பெரியவர் இருந்தால், பிள்ளையை அவரிடம் விடுங்கள்.

எதை வாசிப்பது

காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பால் பாக்கெட், தீப்பெட்டி, ரேஷன் கடைப் பலகை, தினசரி காலண்டர். காலையில் தாளைக் கிழிக்கும் உரிமையைப் பிள்ளைக்கே கொடுத்துவிட்டால் கிழமைகள் ஒரு மாதத்தில் வந்துவிடும். கல்யாணப் பத்திரிகை இன்னொரு நல்ல பாடநூல். கீழே வரிசையாகப் பெயர்கள் இருக்குமே, அதில் தன் பெயர் இருக்கிறதா என்று பிள்ளை தேடும் வேகத்தை வேறு எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. பெயர் விட்டுப்போயிருந்தால் வரும் சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

புத்தகம் என்று வந்தால், ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து, நல்ல படம் என்று பார்த்து எடுங்கள். சென்னையில் இயங்கும் தூலிகா பதிப்பகமும், நேஷனல் புக் டிரஸ்டும் இந்த வயதுக்கான தமிழ்ப் புத்தகங்களைப் போடுகின்றன. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை பிரித்த தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சிறு நூல்கள் வந்திருக்கின்றன. பெயர் வைத்தவர் பிள்ளைகளை அறிந்தவர். உங்கள் பிள்ளை தனியார் பள்ளியில் படித்தாலும் தெரிந்த ஆசிரியரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நூலகத்தை மறந்துவிடாதீர்கள். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஊர்க் கிளை நூலகம் இருக்கிறது. நம் மாகாணத்தில் 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. அதற்காகப் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கட்டிய காசுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள்.

தாத்தா காலத்துப் புத்தகங்களைக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம். எங்கள் வீட்டுப் பரணில் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த கட்டுகள் இருக்கின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. அதில் 'யானை' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு மேலே நிஜமாகவே ஒரு தும்பிக்கை நீண்டிருக்கும். மகள் அதைப் பார்த்துவிட்டு, யானை என்பதால்தான் அப்படி வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அடுத்த வரியில் 'தலை' என்ற சொல்லுக்கும் தும்பிக்கை இருந்ததும் குழம்பிப்போனாள். ணை, னை, லை, ளை எல்லாம் அன்று அப்படித்தான் என்று சொன்ன பிறகு, அந்தக் கட்டுகளில் தும்பிக்கை எண்ணுவது ஒரு விளையாட்டாகிவிட்டது.

எப்போது கவலைப்படலாம்

ஐந்து ஆறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவதும், நேற்று வாசித்த சொல்லை இன்று மறப்பதும் சாதாரணம். இரண்டாம் வகுப்பு முடியும்போதும் எளிய சொற்களையே கூட்ட முடியாமல் திணறினால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கரும்பலகையே தெரியாத பிள்ளையை மக்கு என்று திட்டிய வீடுகள் உண்டு. அதன் பிறகும் சிரமம் இருந்தால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அறிவுக் குறைவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாடுகளையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் இதற்கென்றே இயங்குகின்றன. பள்ளியில் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு மூன்று ஆண்டுகளைக் கடத்திவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு நோட்டு

ஒரு நாள் சத்தம் நின்றுவிடும். முதலில் குரல் போகும், உதடு மட்டும் அசையும். பிறகு உதடும் நின்று கண் மட்டும் ஓடும். எங்கள் வீட்டில் அது ஒரு மழை நாளில் நடந்தது. மகள் திண்ணையில் குப்புறப் படுத்திருந்தாள், முன்னால் புத்தகம். "என்ன கதைடா?" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இருப்பா, முடிச்சுட்டுச் சொல்றேன்" என்றாள், தலையைத் தூக்காமலே. எழுந்து வந்துவிட்டேன். சந்தோஷம்தான், ஆனாலும் அன்று இரவு அந்தப் பத்து நிமிடத்துக்கு என்னிடம் வேலை இல்லாமல் போயிற்று.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தானாக வாசித்த சொல், இடம், தேதி. அவ்வளவு எழுதினால் போதும். மகளுக்கான நோட்டில் முதல் பதிவு கும்பகோணம், இரண்டாவது அய்யம்பேட்டை. அதன்பின் டப்பா, திங்கள், பல்பொடி, 'எச்சில் துப்பாதீர்' என்று ஒன்பது பக்கம் போகிறது. அதே நோட்டில் மூத்தவன் பெயரிலும் ஒரு பக்கம் திறந்து வைத்திருக்கிறேன். அதில் எதுவும் இல்லை. அவன் முதன்முதலாகத் தானே வாசித்த சொல் எதுவென்று எனக்குத் தெரியாது. அவனைக் கேட்டேன், அவனுக்கும் நினைவில்லை.